அக்கா, உங்க எஸ்ஓபி அனுப்ப முடியுமா?

மூன்று வாரத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண், இளங்கலை உளவியல் கடைசி வருடம். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். “அக்கா, நானும் கவுன்சிலிங் சைக்காலஜிக்கு அப்ளை பண்ணப் போறேன். உங்க எஸ்ஓபி அனுப்ப முடியுமா? காப்பி அடிக்க மாட்டேன்க்கா, எப்படி எழுதணும்னு பாக்கத்தான்.” எஸ்ஓபி என்றால், ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று விண்ணப்பத்தோடு கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கும் நோக்க அறிக்கை. நியாயமான கேள்வி. நான் விண்ணப்பித்த காலத்தில் முன்பின் தெரியாத நாலைந்து பேரிடம் இதையே கேட்டிருக்கிறேன். அதில் இரண்டு பேர் அனுப்பவும் செய்தார்கள். என்னுடையது லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. இரண்டே பக்கம். அனுப்ப அரை நிமிடம் ஆகாது. ஆனாலும் மூன்று வாரமாகப் பதிலை எழுதுகிறேன், அழிக்கிறேன். ‘ஃபைல் தொலைஞ்சு போச்சும்மா’ என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. அந்த இரண்டு பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பொய் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த வருடமும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் பாபநாசத்திலும் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் இருக்கிறது. கல்லணைக் கால்வாய்ப் பாசனம். 1934-ல் மேட்டூர் அணை வந்த கையோடு தண்ணீர் பார்த்த பூமி. கால்வாயை எங்கள் ஆட்கள் இன்னும் ‘புது ஆறு’ என்றுதான் சொல்வார்கள். அங்கே “கவுன்சிலிங் படிக்கப் போறேன்” என்று சொன்னால் “எந்தக் காலேஜ் கெடச்சுது?” என்று கேட்பார்கள். கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சேர்க்கை. அதைத் தாண்டி விளக்கினால், “பைத்தியத்துக்குப் பாக்குறதா?” என்பது அடுத்த கேள்வி. அப்பா மட்டும் வேறு மாதிரி கேட்டார்: “படிச்சு முடிச்சா போர்டு மாட்டலாமா?” அதற்கு நேரான பதில் சொல்ல எனக்கே ஒரு மணி நேரம் ஆனது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநோய்க்குச் சிகிச்சை தரும் உளவியலாளர் என்றால் 1992-ஆம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கென்று தனிப் படிப்பு உண்டு. கவுன்சிலிங் படித்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடே இல்லாமல்தான் ரொம்ப காலம் ஓடியது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம்தான் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒரு வரிசைக்குள் கொண்டுவந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப, நீ எப்படிப் படிக்கிறங்கறதுதான் போர்டு” என்றார். இன்றைக்கு வரைக்கும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் திருச்சியில் போய், பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சியூஇடி முதுநிலைத் தேர்வு எழுதினேன். அந்த வருடம் 75 கேள்வி, 105 நிமிடம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானதற்கு 1 போகும். உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதில் கலந்துகொள்ளாத கல்லூரிகள் தனியாகத் தேர்வு வைக்கின்றன, அதற்குத் தனி ஃபீஸ். படித்தால் எழுதிவிடலாம். பிரித்தெடுப்பது அதற்கப்புறம்தான். நல்ல கவுன்சிலிங் படிப்புகளில் ஒரு வகுப்புக்கு முப்பது, நாற்பது பேர்தான் எடுப்பார்கள். மதிப்பெண் வாங்கியவர்கள் அதற்குப் பல மடங்கு இருப்பார்கள். அவர்களிலிருந்து ஆளைப் பொறுக்குவது எஸ்ஓபியும் இன்டர்வியூவும். ‘நீ ஏன் இதைப் படிக்க வேண்டும்’ என்ற ஒரு கேள்விக்கு ஆயிரம் வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் எழுதியது அதைத்தான்.

நல்ல பத்தி

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: ‘சின்ன வயதிலிருந்தே எனக்கு மற்றவர்களுக்கு உதவுவதில் ஆர்வம் உண்டு.’ சென்னையில் படித்துக்கொண்டிருந்த ஒரு சீனியர் அக்கா அதைப் படித்துவிட்டு, “நூறு பேர்ல தொண்ணூறு பேர் இதத்தான் எழுதுவாங்க, உன்னைத் தொட்டது எதுன்னு எழுது” என்றார். அவர் சொன்னது சரிதான். 2006-ல் அமெரிக்காவில் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இரண்டு பேர், உளவியல் முதுகலைச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் ‘எதைப் பார்த்தால் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவீர்கள்’ என்று கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ‘எல்லோருக்கும் உதவ வேண்டும்’ என்று அளவுக்கு மீறி உருகுவது அதில் ஒன்று. தன் சொந்த மனநலக் கதையை அளவில்லாமல் கொட்டுவது இன்னொன்று. நான் இதை அப்போதே படித்திருந்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் என்றால், உருகவும் கூடாது, என் கதையையும் கொட்டக் கூடாது, ஆனால் மனதைத் தொட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பெரியப்பாவிடம் போய் நின்றது.

பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். கஜா புயல் அடித்தபோது நான் பிளஸ் டூ. 2018 நவம்பர் 16, நடுராத்திரிக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று. ஓட்டு வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மரம் விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்காது, மலை சரிகிற மாதிரி ஒரே சத்தம். விடிந்து பார்த்தால் பெரியப்பாவின் தோப்புக்குள் நுழைய வழியில்லை. பாதி மரம் தூரோடு சாய்ந்து கிடந்தது, மீதி கொண்டை முறிந்து மொட்டையாக நின்றது. சாய்ந்த மரங்களின் குலையில் இளநீர் அப்படியே இருந்தது. எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று சொல்ல மாட்டார்கள், தென்னம்பிள்ளை என்பார்கள். பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச பிள்ளை கைவிடாது என்பார்கள். நெட்டை ரகம் பாளை விட ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருடமும் தோளில் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவர். அன்றைக்குத் தோப்பைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், ஏறக்குறைய ஆறு மாதம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டதற்குத் தலையாட்டுவார். அவ்வளவுதான். பெரியம்மா வேண்டாத கோயில் இல்லை. அப்புறம் ஒரு நாள், வைகாசி என்று நினைவு, மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும் என்று தானாகச் சொன்னார். வீடே நின்று கேட்டது.

இதைத்தான் எழுதினேன். பெயர் போடவில்லை, ‘என் தந்தையின் அண்ணன், காவிரி டெல்டாவின் ஒரு தென்னை விவசாயி’ என்று போட்டேன். அந்த ஒரு பத்திக்காக மூன்று நாள் உழைத்தேன். ‘தன் வேதனையைச் சொல்ல அவருக்கு மொழி இல்லை, அந்த மொழியைத் தேடித்தான் நான் உளவியலுக்கு வந்தேன்’ என்பது அதில் கடைசி வரி. ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருக்கும். அதற்கு முந்தைய வரி, ‘ஒவ்வொரு மாலையும் அவர் அருகில் அமைதியாக உட்கார்ந்திருந்தேன்’ என்பது. கல்லூரியில் மனச்சோர்வை அளக்கும் ஒரு கேள்வித்தாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 2001-ல் வந்தது, ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 20-ஐத் தொட்டால் தீவிரம். பெரியப்பாவைக் கேட்காமலே, எனக்கு ஞாபகம் இருந்ததை வைத்து, அவருக்கு நானே மார்க் போட்டு, ‘தீவிர நிலை’ என்று அந்தப் பத்தியில் எழுதினேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய மௌனத்துக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது அது தவறு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. படித்த படிப்பைப் பயன்படுத்துகிறோம் என்ற பெருமைதான் இருந்தது.

பத்தி வேலை செய்தது. மே மாதம் ஆன்லைனில் இன்டர்வியூ. மூன்று பேர் இருந்தார்கள். முதல் பத்து நிமிடம் கவுன்சிலிங் முன்னோடி கார்ல் ராஜர்ஸ், ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு என்று போனது. அப்புறம் நடுவில் இருந்தவர் என் எஸ்ஓபியைத் திரையில் எடுத்து அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டி, “இது ரொம்ப ஆழமான வரி” என்றார். நான் நன்றி சொன்னேன். பத்து நாளில் பெங்களூருவில் அந்தக் கல்லூரியின் முதல் பட்டியலில் என் பெயர் வந்தது. ஐந்து நாளுக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும்.

திண்ணையில்

பணத்துக்காக அப்பா கூட்டுறவு வங்கிக்குப் போயிருந்தார். நான் பெரியப்பா வீட்டுக்குச் சொல்லிவிட்டு வரப் போனேன். வாசலில் பாரையை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். காயை இரண்டு கையாலும் ஏந்தி முனையில் ஒரு குத்து, அப்படியே வலப்பக்கம் ஒரு அழுத்து, மட்டை பிளக்கும். திருப்பி இன்னொரு குத்து. மூன்றாவதில் மட்டை முழுசாகக் கழன்று காய் குடுமியோடு கையில் நிற்கும். குடுமியை விட்டு உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் திறந்து காய் சீக்கிரம் கெட்டுவிடும். குத்துகிற இடம் ஒரு விரற்கடை கூடத் தப்பாது.

“சேத்துக்கிட்டாங்களாமே ஆத்தா” என்றார். ஆமாம் என்றேன். “பரிச்சை மட்டுமா, வேற எதாச்சும் கேட்டாங்களா?” எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். “என்னத்த எழுதுன?” அந்த இடத்தில் பேச்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பேனலில் பாராட்டிய பத்தி, அவரைப் பற்றியது, கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். போனை எடுத்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதை அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ‘கிராமப்புற’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? ‘விழிப்புணர்வு இல்லாத சமூகச் சூழல்’ என்று இருந்தது. பெரியம்மா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தார், அந்தச் சூழல் அவர்தான். அதைத் தாவினேன். மார்க் போட்ட இடத்தையும் தாவினேன். ‘ஒவ்வொரு மாலையும் அவர் அருகில்’ என்ற வரி வந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது இரண்டு தடவை, ஒருவேளை மூன்று. பேசாத பெரியப்பாவைப் பார்க்க எனக்குப் பயம். டியூஷனுக்கு அவர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனேன், மழையில் கரை வழுக்கும், அப்படியும் போனேன். அது எனக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்த அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த வரியையும் விட்டுவிட்டேன். மிஞ்சியது கடைசி வரி. “வேதனையைச் சொல்ல அவருக்கு மொழி இல்லை” என்று சொன்னேன்.

கையில் எடுத்த காயைப் பாரையில் குத்தாமல் வைத்துக்கொண்டிருந்தார். “மொழி இல்லாம என்னாத்தா? பேசத்தெரியாமயா இருந்தேன்?” என்றார். கோபமே இல்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரிதான் கேட்டார். அப்புறம் சொன்னார்: “மறுநா காலைலேந்து ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க. எத்தன மரம், எத்தன வயசு, எவ்வளவு காப்புன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்க. அடுத்த நாள் வேற ஆள். அதே கேள்வி. பேப்பர்காரங்க, காலேஜ் புள்ளைங்க, அரிசி குடுக்க வந்தவங்க. அப்பறம் டாக்டர் வண்டில வந்த ஒரு பொண்ணு, தூக்கம் வருதா, சாப்பாடு எறங்குதான்னு கேட்டுக் கட்டத்துல டிக் அடிச்சிது. நான் ஒண்ணு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த கட்டத்துக்குப் போயிடுது. நாம வாயத் தொறந்தா எவனாவது எழுதுறான். சரி, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன். கேக்க வந்தவன் ஒருத்தன்கூட இல்ல. எல்லாரும் எழுத வந்தவந்தான்.”

அப்போது அரசு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அறிவித்திருந்தது. கணக்கெடுக்காமல் அதைக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் புரியும், அவருக்கும் புரியும். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வண்டியில் வந்த பெண், ஒருவேளை, அன்றைக்கு எண்பது வீடு முடிக்க வேண்டியிருந்திருக்கும். அவளிடம் இருந்தது நான் பின்னாளில் படித்த அதே ஒன்பது கேள்வித் தாளாகத்தான் இருக்கும். ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது இந்த நியாயம் ஒன்றும் தோன்றவில்லை. கையில் போன் எரிந்துகொண்டிருந்தது, அதில் ஆங்கிலத்தில் அவர். எழுத வந்தவர்களின் வரிசையில் கடைசியாக நான் நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்களாவது கேட்டுவிட்டு எழுதினார்கள். நான் கேட்கவும் இல்லை. அவருக்கு மொழி இல்லை என்று எழுதி, அதை வைத்து ஒரு இடம் வாங்கியிருக்கிறேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாப் படி” என்றார். பெரியம்மா காபி கொண்டுவந்தார். மீதிக் காயை உரிக்க ஆரம்பித்தார். நான் வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு வந்தேன். ஏன் தெருவழியாக வரவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை, கால் தானாகப் போனது.

அதற்குப் பிறகு

ஃபீஸ் கட்டினேன். வேண்டாம் என்று எழுதிவிட்டு அடுத்த வருடம் நேர்மையாக எழுதி விண்ணப்பித்திருக்கலாமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அப்பா வாங்கிய கடன், எனக்கு வயது, வீட்டில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்ட ஜாதகப் பேச்சு, இதெல்லாம் இருந்தது. இருந்தாலும் காரணம் அது மட்டும் இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை.

முதல் பருவத்தில் அறவியல் பாடம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதைப் பற்றியது. சிகிச்சைக்கு வருகிறவரைப் பற்றித் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லாமல் இருப்பது அவருடைய உரிமை, நாம் செய்கிற தயவு இல்லை என்று ஆசிரியர் சொன்னார். சட்டப்படி பார்த்தால் பெரியப்பா எனக்கு கிளையன்ட் கிடையாது, நான் அப்போது எந்தத் தொழிலிலும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குள் நுழைவதற்காக நான் எழுதிய முதல் பக்கமே, இந்தத் தொழில் எதைச் செய்யாதே என்கிறதோ அதைச் செய்திருந்தது. பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் யாரிடமாவது அந்தப் பத்தியைக் காட்டினால் அரை வரியில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

களப்பயிற்சி இரண்டாம் வருடம். ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேச வேண்டும், ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். முதல் வாரமே என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கம்மியா எழுதியிருக்கியே?” என்றார். பேசும்போது எழுத வரவில்லை மேடம் என்றேன். உண்மையாகவே வரவில்லை. பேனாவை எடுத்தால் எதிரே இருக்கிற பிள்ளையின் கண் பேனாவுக்குப் போகிறது, நான் அதைப் பார்க்கிறேன். குறிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் மேற்பார்வை நடக்காது, தப்பு செய்தாலும் தெரியாமல் போய்விடும். அமர்வு முடிந்து பிள்ளை வகுப்புக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு ஞாபகத்திலிருந்து எழுதப் பழகினேன். முதலில் பாதி மறந்தது. பிறகு மறக்கவில்லை. எழுதிவைக்கலாம் என்ற நம்பிக்கை இல்லாதபோது காது வேறு மாதிரி கேட்கிறது.

இந்த வேலைக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு சொல் உண்டு. அரசு விளம்பரங்களில் ஆற்றுப்படுத்துநர் பணியிடம் என்று பார்த்திருப்பீர்கள். ஆறு என்றால் வழி. சங்கப் பாட்டில் ஆற்றுப்படை என்றால், வள்ளலிடம் போய்ப் பரிசில் வாங்கி வருகிற ஒருவன், எதிரே வறுமையில் வருகிற இன்னொருவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, அங்கே கிடைக்கும் என்று சொல்வது. சீனியர்களிடம் நாம் எஸ்ஓபி கேட்பதும் அதே மரபுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பாட்டுகளில் வழி சொல்கிறவன் தன் பசியைத்தான் சொல்கிறான். நானும் இப்படித்தான் கிழிசலோடு போனேன், எனக்கு இது கிடைத்தது என்கிறான். அடுத்த வீட்டுக்காரன் பசியை வைத்துப் பரிசில் வாங்கி வந்ததாக யாரும் பாடவில்லை.

சரி, திருத்துறைப்பூண்டித் தங்கைக்கு வருகிறேன்.

எஸ்ஓபியை அனுப்பவில்லைம்மா. அதை மாதிரியாக வைத்து நீ எழுதினால் உன் வீட்டில் ஒரு பெரியப்பாவைத் தேடுவாய். கட்டாயம் ஒருவர் கிடைப்பார். டெல்டாவில் யார் வீட்டில்தான் இல்லை? 2004 சுனாமி, 2016-ல் பொய்த்த வடகிழக்குப் பருவமழை, கஜா என்று ஒன்றின் மேல் ஒன்றாக வாங்கிய பூமி. நம்முடைய கதைகளுக்கு அந்த மேஜையில் மதிப்பு இருக்கிறது என்பதை நீயும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாய். வெளியூர்ப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று தோன்றும். அங்கேதான் நான் வழுக்கினேன். வாசிக்கிறவர்கள் தேடுவது துயரத்தை இல்லை. ஒரு துயரத்தின் பக்கத்தில் நீ எப்படி இருந்தாய், அதைப் பற்றி உன்னால் நேர்மையாக யோசிக்க முடிகிறதா என்பதைத்தான். இரண்டு வருடம் இந்தத் துறையில் இருந்த பிறகு இதை நம்பிச் சொல்கிறேன். வாய்க்கால் கரையில் சுற்றிப் போன பதினேழு வயதுப் பெண்ணை நான் எழுதியிருக்கலாம். பேசாத ஒரு மனிதரைப் பார்த்து ஏன் அவ்வளவு பயந்தேன் என்று எழுதியிருக்கலாம். அது என்னுடையது. அதை எழுத யார் அனுமதியும் வேண்டாம். எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

மற்றவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால், போய்க் கேள். எழுதுவதற்கு முன்னால் கேள், ஃபீஸ் கட்டும் வாரத்தில் இல்லை. எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டு. சொல்லும்போது எந்த வரியைத் தாவுகிறாயோ அதை அடித்துவிடு. எந்தக் கல்லூரிக்கு எழுதுகிறாயோ அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று படித்து, உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பத்தி எழுது. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே போ. நுழைவுத் தேர்வுக்கு ஆய்வு முறைகளையும் புள்ளியியலையும் விட்டுவிடாதே. இதெல்லாம் போனில் விவரமாகச் சொல்கிறேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. உன் வரைவை அனுப்பினால் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறேன். என்னுடையதை மட்டும் கேட்காதே.

போன மாதம் ஊருக்குப் போனபோது, இப்படி ஒரு கட்டுரை எழுதலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். கஜாவுக்கு அடுத்த வருடம் அவர் வைத்த பிள்ளைகள் இப்போது பாளை விட ஆரம்பித்திருக்கின்றன, தோப்பில்தான் உட்கார்ந்திருந்தோம். ஊர்ப் பேர் போடாதே என்றார். மரம் எத்தனை என்று போடாதே என்றார். அதனால்தான் மேலே அந்த எண் இல்லை. மருத்துவ வண்டியில் வந்த பெண்ணைத் திட்டி எழுதாதே, அது சின்னப் பிள்ளை என்றார். வாய்க்கால் கரையில் சுற்றிப் போனதையும் அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். “தெரியும், செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போவ” என்றார்.

முழுவதும் எழுதி முடித்துப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை எதையும் தாவவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினார். வியாபாரிக்கு அனுப்பத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தேன்.

“வியாபாரிக்கு யாரு உரிச்சுக் குடுப்பா, மட்டையோடதான் ஏத்துவான்” என்றார். “அது ஒனக்கு. பெங்களூருக்குக் குடுத்து விடத்தான் உரிச்சேன். பன்னண்டு காய். ரெண்டு நாள் கழிச்சு ஒங்கப்பன் பஸ்ல ஏத்துனான் பாரு, அந்தப் பை.”

அதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.